கடலோடு சேர்த்துக் கணக்கிடுவது: துகள் சிதறலின் கணித அடித்தளத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம்; இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வர்ணம் அடிப்பார்கள். கல்லூரிகளுக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் விடுமுறை. அப்போது எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அதே கேள்வியோடு வந்துவிடுகிறார்: "சார், துகள் மோதலுக்குப் பாடநூலில் போடும் கணக்கு சோதனையோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் நடுவில் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்கிறார்கள். இதைக் கணிதம் என்று சொல்லலாமா?"

எந்தப் பகுதியை, எவ்வளவு தூரம் சொல்லலாம் என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். திண்ணையில் எந்த வரிசையில் நடத்துகிறேனோ அதே வரிசையை இங்கே எழுதுகிறேன். தடைக்காலம் முடிவதற்குள் முதல் இரண்டு படிகளை முடித்துவிடலாம். மீதிக்கு ஓர் ஆண்டு ஒதுக்குங்கள். அவசரப்பட வேண்டாம்.

பெரும்பாலான பாடத்திட்டங்கள் லெக்ராஞ்சியனில் (இயக்கச் சமன்பாடுகளைத் தரும் சார்பு) தொடங்கி, கடைசியில் சிதறலுக்கு, அதாவது துகள்கள் மோதி விலகிப் போவதற்கு, வருகின்றன. நான் சிதறலில் தொடங்கச் சொல்கிறேன். துகள் என்றால் என்ன என்ற கேள்விக்குக் கறாரான பதில் கிடைப்பது அங்கேதான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

லெபேக் தொகையீடு, ஹில்பர்ட் வெளி, ஃபூரியர் உருமாற்றம், சிக்கலெண் சார்புகள். இந்த நான்கும் இருந்தால் போதும். வகையீட்டு வடிவியல், குலக் கோட்பாடு எல்லாம் தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு வாரம் செலவிடுங்கள்: வரம்பற்ற செயலிகள். செயலி (operator) என்பது ஒரு வெக்டரை வேறொரு வெக்டராக மாற்றும் விதி. ஆற்றல், உந்தம், இடம் எல்லாமே வரம்பற்றவை. அவற்றை ஹில்பர்ட் வெளியின் எல்லா வெக்டர்கள் மீதும் செலுத்த முடியாது. எந்தெந்த வெக்டர்கள் மீது செலுத்தலாம் என்ற பட்டியலும் செயலியின் ஒரு பாகம். 0 முதல் 1 வரையுள்ள ஒரு கோட்டுத்துண்டில் உந்தச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் சுழியாகும் சார்புகளை மட்டும் அனுமதித்தால் அது சமச்சீர் செயலி. ஆனால் தன்-இணைச் செயலி (தன் இணைச் செயலியோடு, அந்தப் பட்டியல் உட்பட, முற்றும் ஒன்றாக இருப்பது) ஆகாது. ஒரு முனையின் மதிப்பு, மறுமுனை மதிப்பை அளவு 1 உள்ள ஒரு சிக்கலெண்ணால் பெருக்கியது என்று கட்டினால் தன்-இணை ஆகிவிடும். சிக்கலெண்ணை மாற்றினால் வேறு செயலி, வேறு இயற்பியல். இந்த வேறுபாடு எதற்கு என்றால், காலத்தில் நிலையை நகர்த்தும் யூனிட்டரி செயலி (வெக்டரின் நீளத்தை மாற்றாதது) தன்-இணைச் செயலியிலிருந்து மட்டுமே பிறக்கும். அது ஸ்டோன் தேற்றம். இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

முதல் படி: ஒரு துகள், ஒரு விசை, முடிவில்லாத காலம்

புலத்தை மறந்துவிடுங்கள். சாதாரண குவாண்டம் இயக்கவியலில் ஒரு துகள் ஒரு விசை மையத்தை நோக்கி வருகிறது, சிதறுகிறது, போய்விடுகிறது. போன பிறகு அது கட்டற்ற, அதாவது விசை எதுவும் படாத, துகளைப் போலவே நகர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இதைக் கணிதமாக எப்படிச் சொல்வது?

ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, கட்டற்ற இயக்கத்தின்படி நெடுங்காலம் முன்னோக்கி நகர்த்துங்கள். பிறகு விசையோடு கூடிய முழு இயக்கத்தின்படி அதே அளவு காலம் பின்னோக்கிக் கொண்டுவாருங்கள். காலத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போது கிடைக்கும் வெக்டர் ஓரிடத்தில் நிலைகொண்டால், அந்த எல்லைதான் அலைச் செயலியின் விடை. நிலைகொள்கிறதா என்பதே முழுக் கேள்வி.

1957இல் குக் காட்டிய வழி இரண்டே வரி. அந்த வெக்டரைக் காலத்தைப் பொறுத்து வகையிடுங்கள். இரு இயக்கங்களும் ஒன்றையொன்று அடித்துவிடும், மிஞ்சுவது விசை மட்டும்: வகைக்கெழுவின் நீளம், கட்டற்றபடி நகர்ந்த அலைப்பொதியை (துகளின் நிலையைக் குறிக்கும் அலைத்திரள்) விசையின் நிலையாற்றலால் பெருக்கினால் கிடைக்கும் நீளத்துக்குச் சமம். அந்த நீளத்தைக் காலம் முழுவதும் தொகையிட்டு முடிவுள்ள எண் கிடைத்துவிட்டால், கோஷி நிபந்தனை (பிந்திய வெக்டர்கள் ஒன்றையொன்று நெருங்க வேண்டும் என்பது) நிறைவேறியது, எல்லை இருக்கிறது.

இனி எண்களைப் போடுவோம். ஊருணியில் கல் எறிந்தால் வட்டம் விரிய விரிய அலையின் உயரம் குறைகிறதல்லவா, அலைப்பொதியும் அப்படித்தான். மூன்று பரிமாணத்தில் அதன் உச்ச உயரம் காலத்தின் 3/2 அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது. ஆகவே வகைக்கெழுவின் நீளம், நிலையாற்றலின் வர்க்கத் தொகையீட்டின் வர்க்கமூலத்தை இந்த உயரத்தால் பெருக்கியதற்கு மேல் போகாது. (ஒரு மாறிலி வரும், அது முடிவை மாற்றாது.)

1935இல் யுகாவா அணுக்கரு விசைக்கு முன்வைத்த நிலையாற்றலை எடுத்துக்கொள்ளுங்கள்: தூரத்தால் வகுத்த அடுக்குக்குறித் தேய்வு. அதை வர்க்கப்படுத்தினால் கீழே தூரத்தின் வர்க்கம் வரும். மூன்று பரிமாணத் தொகையீட்டில் மேலே 4π பெருக்கல் தூரத்தின் வர்க்கம் வரும். இரண்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது இரட்டை வேகத்தில் தேயும் அடுக்குக்குறி. அதன் தொகை 1/2. ஆக மொத்தம் 2π, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.5. முடிவுள்ள எண். இனிக் காலத்தின் பக்கம்: 3/2 என்ற அடுக்கு 1ஐ விடப் பெரியது என்பதால் தொகையீடு ஒருங்குகிறது. காலம் 100க்கு அப்பால் மிஞ்சும் வால் 0.2, 10,000க்கு அப்பால் 0.02. வால் சிறுக்கிறது, வெக்டர் நிலைகொள்கிறது. தேற்றம் முடிந்தது.

இப்போது அதே கணக்கை மின்விசைக்குப் போடுங்கள். தேய்வு கிடையாது, வெறும் 1/தூரம். வர்க்கங்கள் முன்போலவே அடிபடும். ஆனால் மிஞ்சுவது 4πஐ முடிவிலி வரை தொகையிடுவது. கணக்கு உடைகிறது. இது நம் மதிப்பீட்டின் குறை மட்டுமன்று. வேறு வழியாக வந்தாலும், துகள் தூரத்தில் போகப் போக நிலையாற்றலின் அளவு 1/காலம் என்றே குறையும், அதன் தொகை மடக்கையாக வளர்ந்துகொண்டே போகும். துகள் எவ்வளவு தூரம் போனாலும் மின்விசை அதை விடுவதில்லை. 1964இல் டாலர்ட் கட்டற்ற இயக்கத்திலேயே ஒரு மடக்கைத் திருத்தத்தைச் சேர்த்துத்தான் அலைச் செயலியை மீட்டார். நோட்டில் இந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வையுங்கள். கடைசியில் திரும்பி வருவோம்.

இரண்டாம் படி: உள்ளே வந்தது, வெளியே போனது

கடந்த காலத்துக்கு ஓர் அலைச் செயலி, வருங்காலத்துக்கு ஓர் அலைச் செயலி. இரண்டையும் கோத்தால் எஸ் செயலி. உள்ளே வந்த நிலையை வெளியே போன நிலையாக மாற்றுவது அதுதான். சோதனைக்கூடம் அளப்பது அதன் உறுப்புகளின் அளவை மட்டும்.

எஸ் யூனிட்டரி ஆக வேண்டுமானால், உள்ளே வந்தவை எல்லாம் கட்டுண்டு கிடக்காமல் வெளியே போய்ச் சேர்கின்றன என்று காட்ட வேண்டும். இதற்குப் பெயர் அணுகுமுழுமை. அலைச் செயலி இருப்பதைக் காட்டுவதை விட இது பன்மடங்கு கடினம். 1978இல் என்ஸ் இதற்கு அலைப்பொதி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பின்தொடரும் அழகான நிறுவலைத் தந்தார். பல துகள்களுக்கு, குறுந்தூர விசைகளில், 1987இல் சிகலும் சோஃபரும் முடித்தார்கள். முதல் வாசிப்பில் கூற்றைப் புரிந்துகொண்டால் போதும்.

மூன்றாம் படி: துகளுக்கு இலக்கணம்

1939இல் விக்னர் சொன்னது: சார்பியலுக்குக் கட்டுப்பட்ட ஒரு துகள் என்பது பாய்ன்கரே குலத்தின் (இட, கால நகர்வுகள், திருப்புதல்கள், திசைவேக மாற்றங்கள் ஆகியவற்றின் தொகுப்பு) பகுக்க முடியாத யூனிட்டரி உருவகிப்பு, அதாவது அவற்றை ஹில்பர்ட் வெளியில் செயலிகளாக எழுதும் முறை. நிறையும் சுழற்சியும் அந்த உருவகிப்பின் அடையாள எண்கள். ஒரு துகளின் வெளியை வைத்துக்கொண்டு பூஜ்யம் துகள், ஒன்று, இரண்டு என அடுக்கினால் ஃபாக் வெளி. கட்டற்ற புலத்தை அங்கே நேராகக் கட்டிவிடலாம். இது எளிது, இரண்டு மாலை போதும்.

நான்காம் படி: புலத்துக்குப் புள்ளியில் மதிப்பு இல்லை

வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி நீர் எவ்வளவு உப்பேறியிருக்கிறது என்று அறிய ஒரு குவளையாவது அள்ள வேண்டும். ஒரு புள்ளியில் உள்ள நீருக்கு உப்பு என்று எதுவும் இல்லை. குவாண்டம் புலமும் இப்படியே, இன்னும் கடுமையாக. வெற்றிட நிலையின் மீது புலத்தை ஒரு புள்ளியில் செலுத்திப் பாருங்கள். கிடைக்கும் வெக்டரின் நீளத்தின் வர்க்கம், உந்தத்தின் வர்க்கத்தை ஆற்றலால் வகுத்து எல்லா உந்தங்களுக்கும் தொகையிட்டது. ஆற்றல் பெரிய உந்தத்தில் உந்தத்தைப் போலவே வளர்வதால் அது முடிவிலிக்குப் போகிறது. அந்த வெக்டர் ஹில்பர்ட் வெளியில் இல்லவே இல்லை.

மருந்து: புலத்தை ஒரு மென்மையான சோதனைச் சார்போடு சேர்த்துப் பரப்பி எடுங்கள். சார்பின் ஃபூரியர் உருமாற்றம் பெரிய உந்தங்களை அடக்கிவிடும், தொகை முடிவுள்ளதாகிவிடும். புலம் என்பது சோதனைச் சார்பைக் கொடுத்தால் செயலியைத் திருப்பித் தரும் ஒன்று. ஷ்வார்ட்ஸ் வகுத்த டிஸ்ட்ரிபியூஷனின் செயலி வடிவம். பாடநூல் முடிவிலிகளில் பல, ஒரே புள்ளியில் இரண்டு டிஸ்ட்ரிபியூஷன்களைப் பெருக்கியதால் வந்தவை. அப்படிப் பெருக்கப் பொதுவாக அனுமதியே இல்லை. இதைச் சொன்னதும் திண்ணையில் எப்போதும் ஓர் அமைதி வரும். எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

ஐந்தாம் படி: வைட்மன் விதிகள்

குவாண்டம் புலத்துக்கு 1950களில் வைட்மன் திரட்டிய விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றும் எந்த வேலைக்கு என்று பாருங்கள். ஹில்பர்ட் வெளியில் பாய்ன்கரே குலம் யூனிட்டரியாகச் செயல்படுகிறது, அது சார்பியல். ஆற்றல் எதிர்மறையாகப் போகாது; அது நிலைத்தன்மை, அதிலிருந்துதான் சிக்கலெண் பகுப்பாய்வின் பலம் முழுவதும் வருகிறது. மாறாத வெற்றிட நிலை ஒன்றே ஒன்று. ஒளிக்கதிர் எட்ட முடியாத தொலைவில் பிரிந்திருக்கும் இரு புலங்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை மாறாது (ஃபெர்மியான்களுக்குக் குறி மட்டும் மாறும்). இதற்குப் பெயர் இடஞ்சார்மை. கடைசியாக, வெற்றிடத்தின் மீது புலங்களைச் செலுத்தி வெளி முழுவதையும் எட்டலாம். 1964இல் ஹாகும் காஸ்ட்லரும் புலத்தை விட்டுவிட்டு, இடப்பகுதிகளுக்கு உரிய செயலி இயற்கணிதங்களை மட்டும் வைத்து இதையே வேறு வடிவில் எழுதினார்கள். முதலில் வைட்மன், பிறகு அது; வரிசையை மாற்ற வேண்டாம்.

நான் தடுக்கி விழுந்த இடம்

என் மாணவப் பருவத்தில் புலத்தின் மோதலை 'இடைவினைப் படம்' வழியாகவே நடத்தினார்கள். முதல் படியில் பார்த்தபடி கட்டற்ற இயக்கத்தையும் முழு இயக்கத்தையும் ஒரு யூனிட்டரி செயலியால் இணைத்துவிட்டு, அதைத் தொடராக விரிப்பது. அந்த யூனிட்டரி செயலி இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "முதலில் கணக்கைப் போடு" என்றார். பல மாதம் அதே குழப்பத்தில் கிடந்தேன். பிறகு ஒருநாள் சேது எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தின் நூலகத்தில் உட்கார்ந்தபோது விடை கிடைத்தது. அந்தச் செயலி இல்லை.

ஹாக் தேற்றம், 1955: ஒரு புலத்தை ஒரு நேரத்தில் கட்டற்ற புலத்தோடு யூனிட்டரியாக இணைக்க முடிந்தால், அந்தப் புலமும் கட்டற்றதே. காரணத்தை முதல் படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே விசை ஓரிடத்தில் இருந்தது, துகள் அதை விட்டு விலகிப் போனது. இங்கே புலம் தன்னோடு தானே வினைபுரிகிறது, எல்லா இடத்திலும், எல்லாக் காலத்திலும். துகள் தனியாகப் போகும்போதும் அந்த வினை அதனுடன் வருகிறது. அதன் நிறையே அந்த வினையால் ஆனது. விலகிப் போக இடமே இல்லை.

அப்படியென்றால் சிதறல் என்ற சொல்லுக்கே பொருள் போய்விட்டதா? இதைத் திண்ணையில் கேட்டபோது பாம்பன் மாணவி ஒருத்தி சொன்ன பதிலைத்தான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். "சார், படகு போவதைக் கடல் இல்லாத படகோடு ஒப்பிட முடியாதே. அதே கடலில் தனியாகப் போகும் படகோடுதானே ஒப்பிட வேண்டும்?" கூடவே இன்னொன்றும் சொன்னாள்: இரவில் படகுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிளம்பும்போது கரையிலிருந்து பார்த்தால் ஒரே வெளிச்சமாகத் தெரியும். அவள் அம்மா அப்போது எண்ண மாட்டாராம். விலகிப் போகும்வரை காத்திருந்து, பிறகுதான் விளக்குகளை எண்ணுவாராம்.

ஆறாம் படி: ஹாக்–ரூயெல்

அவள் சொன்ன அந்த இரண்டும்தான் ஹாக் 1958இல் முன்வைத்து ரூயெல் 1962இல் முழுமையாக்கிய கோட்பாடு. நிதானமாகப் போவோம்.

தேவை ஒரு நிறை இடைவெளி: வெற்றிடத்துக்கு மேல் ஒரு துகளின் நிறை தனித்து நிற்க வேண்டும், அதற்கு மேல்தான் தொடர் நிறமாலை (இடைவெளியின்றி வரும் நிறைகள்) தொடங்க வேண்டும். அப்போது ஃபூரியர் உருமாற்றம் அந்த நிறைக்கு அருகில் மட்டும் இருக்கும் ஒரு சோதனைச் சார்பால் புலத்தைப் பரப்பி எடுங்கள். கிடைக்கும் செயலியை வெற்றிடத்தின் மீது செலுத்தினால், ஒரே ஒரு துகள் பிறக்கிறது. வேறு எதுவும் கலக்கவில்லை, தோராயமும் இல்லை. இது முழுக் கோட்பாட்டின் துகள். கடலோடு சேர்ந்த படகு. விலையாக, அந்தச் செயலி ஓரிடத்துக்குள் கறாராக அடங்காது, ஆனால் தூரத்தில் எந்த அடுக்கையும் விட வேகமாகத் தேயும்.

அடுத்து, அதே நிறையுள்ள கட்டற்ற அலைப்பொதி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நேரத்திலும் இந்தச் செயலியை அந்த அலைப்பொதியின் எடையோடு இடம் முழுவதும் தொகையிடுங்கள். இப்படி வரும் செயலி காலத்தோடு மாறும். ஆனால் அதை வெற்றிடத்தின் மீது செலுத்தினால் வரும் வெக்டர் காலத்தோடு மாறவே மாறாது. காரணம், துகளின் முழு இயக்கமும் அலைப்பொதியின் இயக்கமும் ஒரே நிறைக்கு உரியவை, ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. தனிப் படகு தன் பாதையில் போகிறது என்பதன் கணிதம் இதுதான். இந்த வரியை நோட்டில் கட்டம் கட்டி வையுங்கள்.

இனி இரண்டு துகள். வெவ்வேறு திசைவேகம் கொண்ட இரண்டு அலைப்பொதிகள், அவற்றுக்கான இரண்டு செயலிகள். இரண்டையும் பெருக்கி வெற்றிடத்தின் மீது செலுத்தி, குக் செய்ததுபோலவே காலத்தைப் பொறுத்து வகையிடுங்கள். இரண்டு உறுப்புகள் வரும். இரண்டாம் செயலியின் வகைக்கெழு நேராக வெற்றிடத்தைத் தொடுகிறது. கட்டம் கட்டிய வரியின்படி அது சுழி. முதல் செயலியின் வகைக்கெழு வெற்றிடத்தைத் தொட முடியாமல் நடுவில் இரண்டாம் செயலி நிற்கிறது. அதைத் தாண்டி வகைக்கெழுவை வலப்பக்கம் நகர்த்துங்கள். நகர்த்திய உறுப்பு அதே வரியின்படி சுழி. நகர்த்தியதற்கு விலையாக இரண்டின் கம்யூட்டேட்டர் (இரு வரிசையிலும் பெருக்கிய விடைகளின் வேறுபாடு) மட்டும் மிஞ்சுகிறது.

அந்தக் கம்யூட்டேட்டர் எவ்வளவு பெரியது? திசைவேகங்கள் வேறு என்பதால் இரு அலைப்பொதிகளும் காலத்துக்கு நேர்விகிதத்தில் விலகிப் போகின்றன. தொலைவில் உள்ள இரு செயலிகளுக்கு இடஞ்சார்மை பொருந்தும், கம்யூட்டேட்டர் எந்த அடுக்கையும் விட வேகமாகத் தேயும். ஆகவே தொகையீடு ஒருங்குகிறது, எல்லை இருக்கிறது. அதுதான் 'வெளியே போகும் இரண்டு துகள்' நிலை. இதே வாதத்தைக் கடந்த காலத்துக்குத் திருப்பினால் 'உள்ளே வரும்' நிலை. இந்த நிலைகளின் உட்பெருக்கங்களைக் கணக்கிட்டால் ஃபாக் வெளியின் உட்பெருக்கங்களே வருகின்றன. விளக்குகளை எண்ணியாயிற்று. தொடர் விரிவு இல்லை, முடிவிலியைக் கழிக்கவும் இல்லை. மூன்று துகளுக்கு இதை நீங்களே எழுதிப் பாருங்கள்; கம்யூட்டேட்டர்கள் கூடும், வாதம் மாறாது.

சோதனைக்கூடத்துக்குப் போகும் வழி

லேமான், சிமான்சிக், சிம்மர்மான் மூவரும் 1955இல் தந்த சூத்திரம், புலங்களின் வெற்றிடச் சராசரிகளிலிருந்து எஸ் உறுப்புகளை எடுத்துத் தருகிறது. இன்றைய துகள் இயற்பியல் கணக்கு எல்லாம் இந்த வாசல் வழியாகவே போகிறது. அது வைட்மன் விதிகளிலிருந்து வருகிறது என்பதை ஹெப் 1965இல் காட்டினார். ஆறாம் படியை முடித்தவருக்கு இது ஒரு வார வேலை.

விதிகளுக்கு உயிருள்ள எடுத்துக்காட்டு உண்டா

கட்டற்ற புலம் எல்லா விதிகளையும் நிறைவேற்றும், ஆனால் அதில் எதுவும் மோதாது. மோதல் உள்ள எடுத்துக்காட்டை, காலத்தையும் சேர்த்து இரண்டே பரிமாணத்தில், கிளிமும் ஜாஃபேயும் 1968 முதல் உழைத்துக் கட்டினார்கள். 1974இல் ஸ்பென்சரோடு சேர்ந்து, வினை சிறிதாக இருக்கும்போது அங்கே தனித்து நிற்கும் துகள் உண்டு என்று காட்டியதால், ஆறாம் படி அங்கே முழுமையாக வேலை செய்கிறது. 1973இல் ஓஸ்டர்வால்டரும் ஷ்ராடரும் யூக்ளிட் வெளியில் கட்டிய கோட்பாட்டை உண்மையான காலத்துக்குத் திருப்பும் நிபந்தனைகளை வகுத்த பிறகு, நிகழ்தகவுக் கணிதத்தின் கருவிகள் எல்லாம் கைக்கு வந்தன. மூன்று பரிமாணமும் 1970களிலேயே வசப்பட்டது.

நாம் வாழும் நான்கு பரிமாணம் இன்னும் வசப்படவில்லை. நான்காம் அடுக்கு வினையுள்ள எளிய புலத்தை சம இடைவெளியில் அடுக்கிய புள்ளிகளில் வைத்து எல்லைக்குக் கொண்டுபோனால், மோதல் இல்லாத காஸியன் புலம்தான் மிஞ்சுகிறது என்று ஐசன்மானும் டுமினில்-கோபனும் 2021இல் வெளியிட்ட நிறுவல் காட்டியது. வலிமையான அணுக்கரு விசைக்கு அடிப்படையான யாங்–மில்ஸ் புலத்தை நான்கு பரிமாணத்தில் கட்டி அதன் நிறை இடைவெளியை நிறுவுபவருக்கு, கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த 10 லட்சம் டாலர் பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது. அணுகுமுழுமையும் புலக் கோட்பாட்டில் பெரும்பாலும் திறந்த கேள்வியே. இரண்டு பரிமாணத்தில் ஒரு வகை மாதிரிகளுக்கு லெக்னர் 2008இல் நிறுவியிருக்கிறார்.

மடித்து வைத்த பக்கம்

எலக்ட்ரானுக்கு ஆறாம் படியைப் போட்டுப் பாருங்கள். முதல் வரியிலேயே நின்றுவிடும். ஒளித்துகளுக்கு நிறை இல்லை. எனவே எவ்வளவு சிறிய ஆற்றலோடும் ஒன்று கூடவே கிளம்பலாம், எலக்ட்ரானின் நிறை தனித்து நிற்க இடைவெளியே கிடையாது. 1986இல் புக்ஹோல்ஸ் அதை விடக் கடுமையானதைக் காட்டினார்: மின்னேற்றத்தைத் தொலைவிலுள்ள மின்புலமே காட்டிக்கொடுக்கும் என்ற காஸ் விதியின் காரணமாக, மின்னேற்றம் உள்ள துகளுக்குக் கூர்மையான நிறை என்பதே இல்லை.

போன ஆண்டு, தடைக்காலம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு இதை நடத்தினேன். வீட்டில் ஐஸ் ஏற்றும் வேலை தொடங்கிவிட்டது என்று பாதிப் பேர் வரவில்லை. விளக்கு எண்ணிய கதை சொன்ன அதே மாணவி நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, முதல் வாரத்தில் மடித்து வைத்த பக்கத்தைத் திறந்தாள். மேலேயும் கீழேயும் தூரத்தின் வர்க்கத்தை அடித்துவிட்டு, மிஞ்சிய 4π-க்குப் பக்கத்தில் அவள் போட்டிருந்த கேள்விக்குறி அப்படியே இருந்தது.

"சார், இது அதே 1/தூரம்தானே?"

"அதேதானம்மா."

டாலர்ட்டின் மடக்கைத் திருத்தத்தை ஒளித்துகளுக்கு எடுத்துச்செல்ல ஃபதேயெவும் குலிஷும் 1970இல் ஒரு வழி சொன்னார்கள். அதை ஆறாம் படியின் கறார்த்தன்மையோடு எழுத முடிகிறதா என்று பார்ப்பதுதான் இந்த ஏப்ரல் 15க்கு நாங்கள் வைத்திருக்கும் வேலை.